கரடி நிழல் குடியிருப்பு

ஓர் உயிரைத் தினமும் திட்டித் தீர்ப்பவர் அதற்குப் பகையாளிதானா? மார்லிஸ் டோர்கெல்சனை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன். அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு இன்னும் தயக்கம்தான். கரடிக் குட்டிகளைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தைகள் அப்படி.

அமெரிக்காவின் மொன்டானாவில் மலை முடிந்து புல்வெளி தொடங்குமிடத்தில் அந்த அம்மாவின் பண்ணை. ஓடையோரம் அடர்ந்த புதர்க்காடு. முன்பு ஏறக்குறையச் சுட்டே தீர்க்கப்பட்ட கிரிஸ்லி கரடிகள் மெல்லப் பெருகிக் கீழே இறங்கியபோது, முதலில் குடியேறியது அங்கேதான். ஊர்க்கூட்டங்களில் மார்லிஸ் முதல் ஆளாக எழுந்து, "அதுங்கள மலைக்கே விரட்டுங்க" என்பார். வீடு திரும்பினால் தாய்க்கரடி குட்டிகளோடு அவருடைய பார்லியைத் தின்றுகொண்டிருக்கும்.

வனவிலங்குத் துறையினர் தானியக் கிடங்கு வாசலில் மிதித்தால் ஷாக் அடிக்கும் மின்சார மிதியடி ஒன்றை விரித்தார்கள். கரடி ஒருமுறை மிதித்துக் கற்றுக்கொண்டது. மனிதர்களுக்கு அது கைவரவில்லை. பாதிரியார் மிதித்தார். தம்பி லைல் இருமுறை மிதித்தார்.

"இன்னொரு தடவ மிதிச்சா, அந்தக் கரடியையே உனக்கு வாத்தியாரா வச்சிருவேன்டா," என்றார் மார்லிஸ்.

லைலுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. புதர்க்காட்டை விற்று டவுனில் கதகதப்பான வீடு வாங்க ஆசை. குளிரில் சலித்த அக்காவுக்கும் அதே ஆசைதான். நிலம் வாங்க வந்தவர் கைகுலுக்கும் அவசரத்தில் மிதியடியை மிதித்து, தொப்பி ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கமாக விழுந்தார்.

"இடம் நல்ல துடிப்பா இருக்குங்க," என்றார் எழுந்து. புதரை வெட்டி வீடுகள் கட்டுவாராம். பெயர், கரடி நிழல் குடியிருப்பு.

"அப்ப கரடி எங்க போகும்?" என்றார் மார்லிஸ்.

"கவலைப்படாதீங்கம்மா. வாசப் பலகையில பெருசா ஒண்ணு வரைஞ்சிடுவோம்."

"சிரிச்ச முகமா வரைங்க," என்றார் லைல்.

அடுத்த வாரம் மார்லிஸ், நிலங்களைக் காக்கும் அறக்கட்டளை ஒன்றின் அலுவலகத்துக்குத் தம்பியை வண்டி ஓட்டச் சொன்னார். அந்தப் புதரில் எக்காலத்திலும் யாரும் வெட்டவோ கட்டவோ கூடாதென்று அங்கே பத்திரம் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் வீடு கட்ட நிலம் தேடுபவர் யாரும் வாங்க வரமாட்டார்; டவுன் வீடு கனவுதான்.

"ஏன்க்கா? அதுங்கமேல அவ்ளோ பாசமா?"

"வாயக் கழுவுடா. ரோட்டப் பாத்து ஓட்டு."

உள்ளே போனார். முழுப் பெயரையும் நிறுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.