கைகளைப் பின்னால் கட்டிய கோச்

பிள்ளைகளே, உங்கள் சுவிஸ் கோச் ஏன் இப்போது வருவதில்லை என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

நெடுத்த மனிதர். நெற்றி முழுக்கப் பழைய தையல் அடையாளங்கள். தன் நாட்டில் பெயர்பெற்ற உதைபந்தாட்டத் தடுப்பாட்டக்காரர். கோல் வாசலில் பந்து கையில் பட்டால் பெனால்டி என்பதால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தடுத்துப் பழகியவராம். நீங்கள் விளையாடும் தகனினி மைதானத்து மழைக்குள்ளும் அப்படித்தான் நிற்பார்.

உங்களைத் தலையால் பந்தை அடிக்க அவர் விடவேயில்லை. நீங்கள் தோற்றுக்கொண்டே வந்தீர்கள். "மனுசன் தன்ர தலையைச் சுவிஸ் பாங்கில பூட்டிவைச்சிட்டு வந்திட்டார்" என்று எங்கட ஆக்களே சிரித்தார்கள். கடைசியில் கிளப் அவரை நிறுத்திவிட்டது.

அவர் போகிற அன்று, வீட்டில் பொரித்த ரோல்ஸ் பெட்டியை நீட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நீங்கள் தலையால தடுத்த ஆள்தானே கோச்? பிள்ளையளை ஏன் விடேல்லை?"

"தடுத்ததெல்லாம் ஞாபகம் இருக்கு," என்றார். "காலமை மகள் போன் எடுத்தா. அவளின்ர பேர் வரேல்லை. டார்லிங் எண்டு சொல்லிச் சமாளிச்சன். பந்தைத் தலையால அடிச்ச அடிதான் காரணம் எண்டு டாக்டர் சொல்றார்."

"இதைக் கிளப்பில சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் பிறகு ஆர் எனக்கு வேலை தருவினம்?"

ரோல்ஸ் பெட்டியைப் பின்னால் கட்டிய கைகளில் பிடித்தபடி கார்களுக்கிடையே நடந்தார். எது தன்னுடையது என்று நின்று பார்த்தார். நான் போய்க் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து, நீங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது கராஜுக்குள் போனேன். தலையால் அடித்துப் பழக உங்களுக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்த பந்தை, கயிற்றை அறுத்து இறக்கினேன்.