முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் கெட்டியாக

இன்று மதினி வீட்டுக்கு வந்தார். அப்பாவின் வீட்டுக்கு என்னைக் கேட்காமல் அண்ணன் விலை பேசியதிலிருந்து அவருக்கும் எனக்கும் பேச்சில்லை. புதுவயல் பொட்டலில் ரிமோட் கார் ஓட்டும்போதும் ஆளுக்கொரு மூலைதான்.

மதினி கையில் அண்ணன் காரின் முன்சக்கர டிஃபரன்ஷியல், உள்ளே எண்ணெய் ஊற்றும் சின்னப் பல்சக்கரப் பெட்டி.

“ஒங்க அண்ணனுக்குக் கை நடுக்கம் கூடிப்போச்சு தம்பி. எண்ணெய ஊத்துனா பாதி தரையிலதேன். நீங்க கலந்து ஊத்திக் குடுங்க. எப்பவும்போல தண்ணியா இருக்கணுமாம்.”

“என்கிட்டக் குடுக்கச் சொன்னாகளா?”

“ஒங்க பேரச் சொல்லிட்டாலும்! கடையில குடுக்கச் சொன்னாக. நான்தேன் இங்குட்டு வந்தேன்.”

எண்ணெய் தண்ணியாக இருந்தால் கார் சட்டென்று வளையும். கை நடுங்கினால் காரும் சேர்ந்து நடுங்கும். பொட்டலே பார்த்துச் சிரிக்கும். அதை நானும் பார்க்க வேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

பிறகு, கார் நிதானமாக வளையட்டும் என்று கெட்டி எண்ணெயைக் கூடுதலாகக் கலந்து ஊற்றினேன். மதினியிடம் சொல்லவில்லை.

முதல் வளைவிலேயே அண்ணனுக்குத் தெரிந்துவிடும். “எவன்டா கலந்தான்?” என்று கத்துவார். அது எனக்குப் பழக்கம்தான்.

கத்தாமல், இந்தக் கைக்கு இதுதான் வசதி என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டால் நான் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.