தாழ்வுபாட்டு மணலில் மூன்று நாள் கோல்ஃப்

போன மாதம் மன்னாருக்குப் போய் வந்தேன். போர்நிறுத்தம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, பாதையும் திறந்திருக்கிறது, மடுத் திருவிழாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் என்னைக் கொண்டுபோனது வயிற்றெரிச்சல். என் மனைவியின் தங்கையைக் கட்டிய அன்ரன்தான் காரணம்.

நானும் அவனும் கொழும்பில் ஒரே கோல்ஃப் கழகம். பந்து மணற்குழிக்குள் விழுந்தால் நான் நாலு தரம் மண்ணை வாரி இறைப்பேன். அவன் ஒரே அடியில் வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சிரிப்பான். கழக அணியில் ஓர் இடம்தான் மீதி. நாங்கள் இருவரும் மோதி வென்றவருக்கு அது. "மன்னாரில எங்கட தாழ்வுபாட்டுக் கரையில அடிச்சுப் பழகினனான், அண்ணை" என்று அவன் சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அந்த மணல் எனக்கும் கிடைத்தால் என்ன?

அதிகாலை ஐந்தரைக்குக் கொழும்பில் பஸ். புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். மதவாச்சிச் சோதனைச்சாவடியில் பையோடு இறங்க வேண்டும். ஓர் இளம் சிப்பாய் என் கோல்ஃப் மட்டையைத் தூக்கி, "மே மொகத?", இது என்ன, என்றான். விளையாட்டுச் சாமான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். சும்மா ஒருமுறை வீசிப் பார்த்தான். என்ன அழகான வீச்சு! பத்து வருடம் பழகிய எனக்கு அது வரவில்லையே என்று மன்னார்ப் பாலம்வரை புழுங்கிக்கொண்டே போனேன்.

மன்னார் நகரில் விடுதி நாளுக்கு அறுநூறு ரூபாய். மின்விசிறி உண்டு, தண்ணீர் உவர். தாழ்வுபாட்டுக்கு ஓட்டோ இருநூறு ரூபாய். சாரதி மட்டையைக் கண்டதும், "இது அன்ரன் அடிக்கிற தடியெல்லோ? நீங்கள் அவற்ற ஆளோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் நேரே அன்ரனின் அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். ரகசியமாய்ப் பழக வந்தவனுக்கு நல்ல வரவேற்பு!

"வாங்கோ, வாங்கோ! அன்ரன் வரேல்லையோ?" என்றார் ஜெசிந்தா அக்கா. இங்கேயும் முதல் கேள்வி அவன்தான்.

"அவனுக்கு நான் வந்ததைச் சொல்லிப்போடாதேங்கோ, அக்கா."

"ஓம், ஓம், நான் ஏன் சொல்லுறன்?"

முதல் நாள் நான் கிளப்பிய மணலெல்லாம் சோழகக் காற்றோடு போய் அவர் காயவைத்த கருவாட்டில் விழுந்தது. "ஐயோ, அங்கால தள்ளி நிண்டு அடியுங்கோ! மண் கருவாட்டை ஆர் வாங்கிறது?" என்று கத்தினார். தள்ளிப் போனேன். மறுநாள் மெல்லப் பிடிபட்டது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் மணலில் ஊன்றிக் குறிபார்த்து, பந்தை விட்டு, இரண்டு விரல் பின்னே மணலை அடிக்க வேண்டும். பயந்து பாதியில் நிறுத்தாமல் வீசி முடித்தால் மணலே பந்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. கழுதைகளின் குளம்படிக் குழிகளில் புதைந்த பந்துகூட வெளியே வந்தது. மூன்றாம் நாள் நான் அன்ரனைப் பற்றி நினைக்கவே இல்லை. சரி, ஒன்றிரண்டு தரம் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு போட்டி. கடைசிக் குழிவரை சமநிலை. அங்கே என் பந்து மணலுக்குள் போனது. கரையில் செய்தபடியே ஊன்றினேன், குறிபார்த்தேன், அடித்தேன். பந்து உயர்ந்து போய்க் கொடி நட்ட குழிக்குப் பக்கத்தில் படுத்தது. என் வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அன்ரன் முகத்தில் கொஞ்சமாவது பொறாமை தெரிகிறதா என்று ஆசையோடு பார்த்தேன்.

"அண்ணை, அடிக்க முதல் மட்டை மணலில பட்டிட்டுது" என்றான்.

மணற்குழிக்குள் அடிக்கும் முன் மட்டை மணலைத் தொடக்கூடாது. தொட்டால் இரண்டு அடி தண்டம். இது எனக்குத் தெரியாத விதியா? கடற்கரையில் தண்டம் போட யாரும் இல்லை, மூன்று நாளில் கை கெட்டுவிட்டது. இடம் அவனுக்குப் போனது.

திரும்பி வரும்போது காரில் சொன்னான்: "எனக்கும் முதல் போட்டியில இதுதான் நடந்தது, அண்ணை. கரையில ஊண்டி ஊண்டிப் பழகினா அப்பிடித்தான். நீங்கள் போனதை அக்கா அண்டைக்கே சொன்னவ. என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதலே சொல்லியிருப்பன்."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: காவலரணில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் கரைக்கு இறங்குங்கள், ஆள் நடமாடாத பக்கம் போகாதீர்கள். காற்று போகும் திசையில் கருவாடு காய்கிறதா என்று பாருங்கள். மட்டையை மணலில் படாமல் தூக்கியே பிடியுங்கள். கொழும்பில் இருப்பவர்கள் இவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை, அன்ரனிடம் கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருவான் என்கிறார்கள். நான் இன்னும் கேட்கவில்லை.