நாலு விநாடிக் கார்

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு 'நாற்பது' என்று பெயர். வயதுக்காக அல்ல. ரோடு காலியாகக் கிடந்தாலும் அவர் வண்டியில் முள் நாற்பதைத் தாண்டாது. பதினெட்டு வருஷம் ஓட்டியும் காரில் ஒரு கீறல் கிடையாது. காரைக் காரால் துரத்தி ஊரையே நொறுக்கும் படங்கள் என்றால் அவருக்கு வேப்பங்காய்தான். எதிரே வருகிறவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கும் என்ற நினைப்பே அந்தப் படம் எடுக்கிறவர்களுக்கு இல்லை என்பார்.

கடைசியில் அவர் காரையே ஒரு சினிமாக் கம்பெனி வாங்கியது. வண்டி ஓய்ந்துவிட்டது, பழைய இரும்புக்குப் போவதைவிடப் படத்திலாவது வரட்டுமே என்று மனைவி சொன்னதால் அரை மனதாகக் கொடுத்தார்.

ஷூட்டிங் அன்று மனசு கேட்காமல் போய்ப் பார்த்தார். கடைத்தெருவை மூன்று நாளாக அடைத்திருந்தார்கள். பலகைச் சரிவில் ஏறிப் பறந்து, பழக்கடைப் பந்தலைக் கிழித்துக்கொண்டு கார் இறங்க வேண்டும். ஹீரோவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டப்போகிறவன் ஒல்லியான ஒரு ஸ்டண்ட்காரன். இவர் பழக்கதோஷத்தில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அவனிடம் சொன்னார்:

"முன்னாடி இடது டயர்ல காத்து கம்மியா இருக்கு தம்பி. அந்தப் பக்கம் இழுக்கும்."

அவன் போய் உதவி இயக்குநரிடம் சொன்னான். உடைக்கப்போகிற வண்டிக்கு வைத்தியமா என்று அவர் சிரித்தார். வெயில் இறங்குகிறது, ஏறு என்று விரட்டினார்.

சரிவில் ஏறும்போதே கார் இடது பக்கம் ஒதுங்கியது. பந்தலைத் தொடாமல் சுவரில் மோதி, மூன்று தடவை உருண்டு கவிழ்ந்தது. கதவை நெம்பி அவனை வெளியே இழுத்துக்கொண்டிருந்தபோது டைரக்டர் மானிட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நெனச்சதைவிடப் பிரமாதமா உருண்டிருக்கு. இன்னொரு டேக் வேணாம்."

கம்பெனி வேனில் அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது நாற்பதுதான். தோள்பட்டை எலும்பு இரண்டாகப் போயிருந்தது.

படம் வந்தபோதும் அவனுக்குக் கட்டு பிரிக்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டான். அவனுக்காகப் போய் உட்கார்ந்தார். இரண்டரை மணி நேரம் காது கிழிந்தது. எத்தனை கார், எத்தனை கண்ணாடி, எவனுக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. அவருடைய கார் உருண்டது நாலே விநாடி. அடுத்த நொடி ஹீரோ தலை கலையாமல் இறங்கிவந்தான். தியேட்டர் விசிலில் அதிர்ந்தது. அதைவிட அவரைக் கேவலப்படுத்தியது வேறு: அந்த நாலு விநாடியும் அவரே மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டைக் கெட்டியாகப் பற்றியிருந்தார். உடம்பு சிலிர்த்திருந்தது. எல்லாம் தெரிந்த நமக்கே இப்படியா என்று தன்மீதே வெறுப்பு வந்தது.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனார்.

"நல்லா வந்திருக்காண்ணே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நல்லாத்தான் வந்திருக்கு."

அவன் முகம் மலர்ந்து, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னான்.

அந்தக் கை அப்புறம் தோளுக்கு மேல் உயரவில்லை. எந்தக் கம்பெனியும் அவனைக் கூப்பிடவில்லை. நாற்பது சொல்லி, ஸ்டாண்டில் போன் எடுத்து வண்டி அனுப்பும் வேலை கிடைத்தது. ஸ்டாண்டு டிவியில் அந்தப் படம் ஓடினால் அவன் சத்தத்தைக் கூட்டுவான். இவர் டீ குடிக்கப் போய்விடுவார்.