திரை காலியாக இருந்தது

இரண்டு வருடங்களுக்கு முன், திருத்தணியில் ஆடிக் கிருத்திகை. கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களுக்காக எங்கள் தொண்டர் குழு மலைமேல் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று எனப் பந்தல் போட்டிருந்தது. காவடிகள் ஏற ஏற செல்போன் சிக்னல் படுத்துவிடும். அதனால் இரண்டு பந்தலுக்கும் வைஃபை இணைப்பு கொடுத்து, கீழே கிடைத்தவர்களின் விவரம் மேலே என் லேப்டாப்புக்கு வரும்படி ஒரு சின்ன சர்வர் புரோகிராம் எழுதியிருந்தேன். வீட்டில் சோதித்தபோது ஜோராக ஓடியது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

காலையில் ஒரு தெலுங்குக்காரப் பெண் அழுதுகொண்டே வந்தார். படியேறும்போது ஐந்து வயது மகள் கையை விட்டுப் போய்விட்டாளாம். அடையாளம் கேட்டேன். மொட்டைத் தலை, சந்தனம், மஞ்சள் கவுன் என்றார். அன்றைக்கு மலையில் பாதிக் குழந்தைகளுக்கு அதுதானே அடையாளம்! திரையில் ஒரு செய்தியும் இல்லை. சந்தேகத்துக்கு என் லேப்டாப்பிலிருந்தே ஒன்று அனுப்பிப் பார்த்தேன், டக்கென்று வந்தது. காலித் திரையை அவர் பக்கம் திருப்பி, குழந்தை கீழே இல்லை, இருந்தால் இந்நேரம் தகவல் வந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் அடித்துச் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து, கீழ்ப் பந்தலில் தொண்டராக இருந்த கே.ஜி.கண்டிகை ஆட்டோக்காரர் கூட்டத்தில் முட்டி மோதி ஏறி வந்தார். அவர் தோளில் ஒரு மஞ்சள் கவுன்.

"இன்னாக்கா, அப்பத்துலேர்ந்து அனுப்பிகினே கீறோம், ஒண்ணும் போவ மாட்டேங்குது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'ன்னே வருது. பாப்பா அழுவுது, அதான் தூக்கிகினு வந்துட்டேன்."

அந்த அம்மா மகளைப் பிடுங்கி, சந்தனத் தலை முழுக்க முத்தமிட்டார். எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

புரோகிராமைத் திறந்தேன். செய்திக்காக சர்வர் காதுகொடுத்துக் கேட்கவேண்டிய முகவரியாக 127.0.0.1 என்று போட்டிருந்தேன். அது கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முகவரி. வீட்டில் ஒரே லேப்டாப்பில் அனுப்பி, அதிலேயே வாங்கிப் பார்த்ததில் எனக்கு இது தெரியவே இல்லை. வெளியிலிருந்து யார் தட்டினாலும் கதவு சாத்தல்தான். எல்லோரிடமிருந்தும் கேட்கும்படி மாற்றி ஓட்டினால், அந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று இன்னொரு பிழை. பழைய புரோகிராம் பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். ஆட்டோக்காரர் இறங்குவதற்குள் கீழிருந்து முதல் செய்தி வந்துவிட்டது: பள்ளிப்பட்டுப் பெரியவர் ஒருவர், மருமகளைத் தேடுகிறார்.

இப்போதும் யாரிடமிருந்தாவது ஒரு சத்தமும் இல்லை என்றால், அந்த அம்மா தரையில் உட்கார்ந்ததுதான் கண்முன் வருகிறது. அவர்கள் கூப்பிடவில்லை என்று சொல்வதற்கு முன், நான் கேட்கிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.