செத்துப்போனதாகச் சொன்ன டிவி

கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் தன் பழைய டிவிகளைக் கழித்துவிட்டபோது, காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் அவற்றில் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தான். பெரிய பிளாஸ்மா டிவி. எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் அதைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் நுழைக்க முடிந்தது.

போட்டால் பின்பக்கம் வண்டு மாதிரி இரையும். மலை உயரத்தில் பிளாஸ்மாவுக்கு அந்தச் சத்தம் உண்டு என்றார்கள். சூடும் அதிகம். கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வரும் அம்மா, அதன் பக்கத்தில் நின்று கைகளைக் காயவைத்துக்கொள்வார். தண்ணீர் கொதிக்கவைக்கும் ஜக்கையும் டிவியையும் ஒன்றாகப் போட்டால் வீட்டில் கரண்ட் போய்விடும்.

அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் அண்ணனும் நானும் அந்த டிவியில் கார் ரேஸ் கேம் விளையாடுவோம். எவ்வளவு வேகமாகப் போனாலும் படம் இழுபடாது. இரவு ரோட்டின் இருட்டு உண்மையான இருட்டாகவே இருக்கும். அதிகம் ஜெயித்தது நான்தான். "நீ ஏமாத்துற லா," என்று அண்ணன் கத்துவான்.

மற்ற நாட்களில் அந்த டிவிதான் என் கம்ப்யூட்டருக்குத் திரை. கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடையில் வேலை செய்துகொண்டே, வீட்டிலிருந்து டிசைன் டிப்ளோமா படித்தேன். பிளாஸ்மாவில் எழுத்தின் ஓரங்கள் கொஞ்சம் பிசிறடிக்கும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு பழகிவிட்டேன். அசையாத படம் நெடுநேரம் நின்றால் கண்ணாடியில் தழும்பாகப் பதிந்துவிடும் என்பதால், பின்னணியைக் கறுப்பாக வைத்தேன். எழுந்து போகும்போதெல்லாம் அணைத்தேன். அப்படியும் ரேஸில் இடது கீழ்மூலையில் வரும் வட்ட மேப் லேசாகப் பதிந்துவிட்டது. வெள்ளைத் திரை வந்தால் மட்டும் தெரியும்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது டிவி இருந்த இடம் காலியாக இருந்தது.

"காலையில டப்புன்னு ஒரு சத்தம். கடைக்காரன்கிட்ட காட்டினேன். பேனல் செத்துப்போச்சாம். தூக்கிப் போட்டாச்சு," என்றான் அண்ணன். நான் வாயைத் திறக்குமுன், "நாள் முழுக்க கம்ப்யூட்டர மாட்டி வச்சா வேற என்ன ஆகும்? உன்னாலதான்," என்றான்.

நான் அழுதேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுப்படியில் நின்ற அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்து அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கடைசி வருட வேலையைக் கைப்பேசியில் செய்ய முயன்றேன். அந்தச் சின்னத் திரையில் கோடும் நிறமும் பிடிபடவில்லை. படிப்பைப் பாதியில் விட்டேன். எனக்குக் கிடைத்த தண்டனை சரிதான் என்றே நம்பியிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து அண்ணனுக்கு கம்போங் ராஜாவில் பெண் நிச்சயம் செய்யப் போனோம். பெண் வீட்டு ஹாலில் நுழையும்போதே அந்த இரைச்சல் காதில் விழுந்தது. சுவரில் பெரிய டிவி. ஜெபம் தொடங்குவதற்கு முன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பின்னணியில் வரிகள் வந்தன. இடது கீழ்மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்.

நான் பார்ப்பதைக் கவனித்த பெண்ணின் அப்பா பெருமையாகச் சொன்னார்: "மாப்ள குடுத்தது லா. இந்த சைஸ் கேமரன்ல எங்க கெடைக்கும்?"

அண்ணனைப் பார்த்தேன். அவன் தேநீரைக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தான். எனக்குக் கேள்வி வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா என் முழங்காலை அழுத்தினார். "இங்க ஒன்னும் பேசாத," என்றார், உதடு அசையாமல்.

அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "நாந்தான் கெடுத்தேன்னு ஏன் சொன்ன?"

"பொண்ணு வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியுமா? நெசத்தச் சொன்னா நீ குடுத்திருக்க மாட்ட."

"கேட்டுப் பாத்தியா?"

கோலா தெர்லா தாண்டி, முன்னால் ஊர்ந்த முட்டைக்கோஸ் லோரிக்கு அவன் ஹார்ன் அடித்தான். முன்சீட்டிலிருந்த அம்மாதான் பேசினார். "அவனுக்கு ஒரு வாழ்க்கை அமையுது. உனக்கு ஒரு டிவிதான போச்சு?"

என் படிப்பு போனதை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அண்ணன் சொன்ன பொய்யைவிட எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

கல்யாணத்துக்கு முன் அண்ணன் ஒன்றுமே நடக்காதது போல் வந்து, "கார்ட நீயே டிசைன் பண்ணிடு லா," என்றான்.

"எதுல பண்ணட்டும்?" என்றேன். போய்விட்டான். கார்டை ஈப்போவில் அடித்தார்கள்.

அடுத்த வருடம் தானா ராத்தாவில் ஓர் அச்சுக்கடையில் வேலை கிடைத்து, அந்த ஊரிலேயே அறை எடுத்துத் தங்கினேன். கடையை அடைத்த பிறகு அங்கிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படிப்பை முடித்தேன். அண்ணி நல்லவள், அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனால் அண்ணன் கன்ட்ரோலரை நீட்டுவான், "ஒரு ரவுண்டு லா" என்று. அடுப்படியில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவேன்.

அம்மா வாரம் தவறாமல் போன் செய்கிறார். பசியாறியாச்சா, அங்கே மழையா என்று கேட்பார். நானும் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் வருவதில்லை.