முழங்காலுக்குக் கீழே

இந்த ஊரில் எனக்கு நிறையப் பேரைத் தெரியும், முழங்காலுக்குக் கீழே மட்டும்.

வேலை அப்படி. ரயில் பயணப் பாதுகாப்பை ஆராயும் ஒரு குழுவுக்காக வீடியோ பார்ப்பவள் நான். வடாலாவுக்கும் கோவண்டிக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன். அங்கே பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில், தரையோரமாக ஒரு கேமரா. யாருடைய முகமும் பதிவாகக் கூடாது என்பது விதி. அதனால் கால்கள். ரயிலின் வாசலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருக்கும் அந்தப் பள்ளத்தில் கால்கள் என்ன செய்கின்றன என்று குறிக்க வேண்டும். தாண்டியதா, குதித்ததா, தயங்கியதா. கோடையில் பிளாட்பாரத்தை உயர்த்தப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் கொஞ்ச காலம், பின்னால் கொஞ்ச காலம் பதிவு. தயக்கம் குறைந்தால் உயர்த்தியது பலித்தது என்று அர்த்தம்.

மாட்டுங்காவில் வாடகை அறை. ஜன்னலோரம் மேஜை, மேஜைமேல் கம்ப்யூட்டர், அதற்குள் கால்கள். பால்காரர் மணி அடிப்பதில்லை. பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். அதன் பிறகு என் வீட்டுக்கு வருபவை கால்கள்தான். மருதாணி வெளுக்காத கால், வெடித்த குதிகால், கொலுசைத் தொலைத்துவிட்டு ஒற்றைக் கொலுசோடு ஓடும் கால். சத்தத்தை அணைத்து வைத்திருப்பேன். இத்தனை கால்கள் சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்தால் மழை பெய்து நனையாத மாதிரி இருக்கும்.

அவற்றில் ஒரு ஜோடி. நீலப் பட்டை ரப்பர் செருப்பு. இடது பட்டை அறுந்து, ஊக்கு குத்தியிருக்கும். சாயங்கால வண்டியில் எல்லோரும் கொட்டியதுபோல் இறங்கி முடிந்த பிறகுதான் அது வாசலுக்கு வரும். வலது கால் இறங்கும், காற்றைத் தொட்டுப் பார்க்கும், திரும்பிவிடும். பிறகு இடது கால், கண்ணை மூடிக்கொண்டதுபோல, ஒரேயடியாக. கீழே இரண்டு ஜோடிக் கால்கள் நகராமல் நிற்கும். ஏற அவசரப்படுகிறவர்கள் என்று குறித்துக்கொள்வேன். ‘தயக்கம்’ என்ற கட்டத்தில் அவளுக்கு ஒரு குறி. குறித்த பிறகும் பின்னோக்கி ஓட்டி இன்னொரு முறை இறங்கச் சொல்வேன்.

அவளுக்கு ஒரு வாழ்க்கையும் கொடுத்திருந்தேன். துணையில்லாதவள். அவசரப்படுத்த வீட்டில் ஆளில்லாதவள். போய்த் தானே விளக்குப் போடுகிறவள். அவள் வரும் வண்டியை அன்றன்றைக்குக் கடைசியாக வைத்துக்கொள்வேன், தட்டில் பிடித்ததைக் கடைசியில் தின்பதுபோல.

பிளாட்பாரம் உயர்ந்தது. மழை வந்தது. புதிய பதிவுகள் வந்தன. அவள் வரவில்லை.

இந்த வேலையில் இருப்பவளுக்குப் பயப்படச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பள்ளத்தில் கால் போனால் என்ன ஆகும் என்பதை இதே மேஜையில்தான் படித்திருக்கிறேன். குழுவின் தலைவருக்குப் போன் செய்தேன். தனி ஆளெல்லாம் நமக்கு வேண்டாம், மொத்தம் போதும் என்றார். தயக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறதே, சந்தோஷப்படுங்கள் என்றார். வைத்துவிட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே அந்த ஸ்டேஷனுக்குப் போனேன்.

பெஞ்சில், கிளிப்பும் ஊக்கும் தொங்கும் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பெட்டிகளில் ஏறி இறங்கி விற்பவள். தாராவிக்காரி. போனில் யாரையோ திருநெல்வேலித் தமிழில் திட்டி முடிக்கும்வரை காத்திருந்து, நீலப் பட்டைச் செருப்பைப் பற்றிக் கேட்டேன்.

“மூஞ்சி எப்படி இருக்கும்?”

தெரியாது என்றேன். கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா என்று கேட்டாள். அதுவும் தெரியாது.

“போலீசாக்கா நீங்க?”

கேமரா விஷயத்தைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்பம் காலை மட்டும் பாத்துட்டு ஆளைத் தேடுதீய. நான் விக்க ஊக்குல பாதி செருப்புலதான்க்கா போய்க் குத்துது, எவள்னு சொல்ல? மழை வேற வந்துட்டுல்லா. ரப்பர் செருப்பு போட்டா முதுகு பூரா சகதி. எல்லாவளும் பிளாஸ்டிக் ஷூவுக்கு மாறியாச்சு.”

தன் காலை நீட்டிக் காட்டினாள். பிளாட்பாரம் முழுக்கப் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக், கறுப்பு பிளாஸ்டிக். இது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? நானும் அதைத்தான் போட்டிருந்தேன்.

வேறு வழி தெரியவில்லை. மேம்பாலப் படிக்கட்டின் கீழ்ப்படியில் ஏறி நின்று செய்துகாட்டினேன். வலது கால் கீழே. திரும்ப மேலே. பிறகு இடது. காலேஜ் பெண்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“அவளா,” என்றாள் ஊக்குக்காரி. “நல்லாத்தான்க்கா இருக்கா. அடுத்த வண்டியில வருவா, பாருங்க.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி வந்தது. ஊக்குக்காரி மோவாயால் காட்டினாள். கண்ணாடி போட்ட, பருத்த பெண். கும்பலின் நடுவில், பின்னால் இருப்பவளிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். நிற்கவில்லை. கீழே பார்க்கவும் இல்லை. உயர்ந்த பிளாட்பாரம் அவளை அப்படியே வாங்கிக்கொண்டது.

“முன்னால ரொம்பப் பயப்படுவா. கூட்டுக்காரிய ரெண்டு பேரு முதல்ல எறங்கி, கீழ நின்னு கையைப் பிடிக்கணும். பிடிக்க முந்தியே காலை வச்சுட்டு, அவளுவகிட்ட ஏச்சு வாங்குவா. இப்பம் அந்தத் தொல்லை இல்லை.”

கை. முழங்காலுக்குக் கீழே எடுத்த படத்தில் கை எங்கிருந்து வரும்?

கூப்பிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கூப்பிட்டு என்ன சொல்வது? உங்கள் காலை எனக்குத் தெரியும் என்றா? அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தியின் ஈரக் குடை என் தோளில் பட்டது. சாரி என்றாள், திரும்பாமலே.

இனி அவள் என் கட்டங்களில் தயங்காதவர்களோடு தயங்காதவளாகச் சேர்ந்துவிடுவாள். பின்னோக்கி ஓட்டினாலும் எனக்கு அடையாளம் தெரியாது. பிளாட்பாரத்தை உயர்த்தியதே அதற்குத்தான்.

வீட்டுக்குத் திரும்ப நான் வண்டி மாற வேண்டும். மாறும் இடத்தில் பிளாட்பாரம் இன்னும் கீழேதான். வாசலுக்கு வந்து வலது காலை இறக்கினேன். எடுத்துக்கொண்டேன்.

“ஆன்ட்டி, ஜல்தி உத்ரோ நா,” என்று சீக்கிரம் இறங்கச் சொன்னது பின்னால் ஒரு குரல்.

இடது காலை வைத்து இறங்கினேன். கீழே நின்ற கால்களைப் பார்த்தேன். அவை எல்லாம் ஏறுவதற்காகவே நின்றவை.